சிகரக் கணக்குக்கு முன் கணவாய்களைக் கற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரில் 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களை ஒவ்வொன்றாக ஏறிக் கணக்கு வைத்துவரும் நம் இளைஞர்களைப் பாராட்டித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். டர்பன் வட்டாரத்தின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் கூடாரத்தையும் அடுப்பையும் உணவையும் முதுகில் சுமந்துகொண்டு, பாதை என்று ஒன்று இல்லாத அந்த உச்சி மேட்டில் நான்கைந்து நாள் நடந்து திரும்புவது நம் சமூகம் பெருமைப்பட வேண்டிய செய்தி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டுரை முழுவதும் சிகரங்களின் பெயரும் உயரமும் எண்ணிக்கையும்தான் இருந்தன. எந்தக் கணவாய் வழியாக ஏறினார்கள், எதன் வழியாக இறங்கினார்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. பெர்க் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் இந்த மலையில் நெடுங்காலம் நடந்து பழகியவன் என்ற முறையில், விடுபட்டுப்போன அந்தச் செய்தியே எல்லாவற்றிலும் முக்கியமானது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

கீழே பள்ளத்தாக்கிலிருந்து பார்ப்பவர்களுக்கு டிராகன்ஸ்பெர்க் சிகரங்களின் வரிசையாகத் தெரிகிறது. உண்மையில் அது ஓர் உயர்ந்த மேட்டுநிலத்தின் அரிபட்ட விளிம்பு. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்த எரிமலைக் குழம்பு பசால்ட் பாறையாக இறுகியது. அதன் கிழக்கு முகத்தை ஆறுகள் அரித்து அரித்துச் சுவராக ஆக்கிவிட்டன. சுவருக்குப் பின்னால் அண்டை நாடான லெசோத்தோவின் புல்மேடுகள் மேற்கு நோக்கி ஏறியும் இறங்கியும் போகின்றன. இதனால்தான் பெர்க்கின் மிக உயர்ந்த இடங்களில் பல, ஏறுவதற்கு எளியவை. தென்னாப்பிரிக்காவின் மிக உயரமான இடமாகிய மஃபாடி (3,450 மீட்டர்) புல்லும் கல்லும் கலந்த ஓர் உருண்டை மேடு; விளிம்புக்கு மேலே வந்து சேர்ந்துவிட்டவர் கையை எங்கும் ஊன்றாமல் அதன் உச்சிக்கு நடந்து போகலாம். சாம்பெய்ன் காசிலும் (3,377 மீட்டர்) அப்படித்தான். லெசோத்தோவுக்குள் நிற்பதும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுமைக்கும் உயரமானதுமான தபானா ந்ட்லென்யானாவும் (3,482 மீட்டர்) அப்படித்தான். விளிம்பிலிருந்து பிரிந்து தனியே நிற்கும் மங்க்ஸ் கவ்ல், டெவில்ஸ் டூத் போன்ற பாறைக்கூர்கள் வேறு வகை. அவை கயிறும் பாறையேற்றப் பயிற்சியும் உடையவர்களுக்கு உரியவை. முன்னது 1942-இலும் பின்னது 1950-இலும்தான் முதன்முதலாக ஏறப்பட்டன. அவற்றைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.

முதுகுப்பையோடு போகிறவருக்கு உழைப்பும் ஆபத்தும் அறிவும் எல்லாம் அந்தச் சுவரைக் கடப்பதில்தான் இருக்கின்றன. சுவரில் ஆறுகள் அறுத்த வெட்டுகளே கணவாய்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள முகாமிலிருந்து புறப்பட்டு, ஆற்றோடு மேலேறி, பாறைக்குப் பாறை தாவி, பிறகு கால் வழுக்கும் செங்குத்துப் புற்சரிவில் ஏறி, கடைசியில் உதிர்கற்கள் நிறைந்த ஒடுங்கிய ஓடையில் நுழைந்து வெளிப்பட வேண்டும். அத்தகைய இடத்தில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னேறினாலே அது நல்ல நடை. ஓடை பல இடங்களில் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிகிறது. பிரிவுகள் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று மேட்டுக்குப் போகும், மற்றது அருவியின் அடியில் போய் முடியும். ஏறும்போது இப்படித் தவறினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடலாம். இறங்கும்போது நிலைமை வேறு. விளிம்பின் மேலிருந்து குனிந்து பார்த்தால் எல்லா வெட்டுகளும் கீழே போவதாகவே தோன்றும். பாதி இறங்கிய பிறகே அடியில் பாறை செங்குத்தாக அறுந்து நிற்பது தெரியும். அதற்குள் மாலையாகியிருக்கும், முழங்கால் சோர்ந்திருக்கும், மேலே திரும்பும் மனமும் இராது. ஆகவே, தான் ஏறிப் பாராத கணவாயில், அதை அறிந்தவர் ஒருவர் உடன் இல்லாமல் முதன்முறையாக இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிகரத்தைத் தொட்ட மகிழ்ச்சியில், வந்த வழி சலிப்பூட்டுகிறது என்று வேறு கணவாயைத் தேடுவதை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

கணவாயைப் பிழையாக அறிந்ததால் நேர்ந்ததற்கு இந்த மலையின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1873 நவம்பரில் ஹ்லூபி மக்களின் தலைவர் லங்கலிபலேலே, தம் மக்களோடும் கால்நடைகளோடும் நடாலை விட்டு மலைக்கு அப்பால் போனபோது, அவரை மறிக்க நடால் காலனி அரசு படை அனுப்பியது. திட்டப்படி ஒரு பிரிவு சாம்பெய்ன் காசில் அருகிலுள்ள கணவாய் வழியாக ஏற வேண்டும். அவர்கள் போய்த் தேடியபோது ஏறக்கூடிய கணவாயே அங்கு இல்லை. மேஜர் டர்ன்ஃபோர்டின் பிரிவு ஜயன்ட்ஸ் காசில் கணவாயில் ஏறுவதற்குப் பதிலாகத் தெற்கே ஹ்லாதிம்பா கணவாயில் ஏறிவிட்டது. வழியில் டர்ன்ஃபோர்டு விழுந்து தோள் மூட்டு விலகியது. குறித்த இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது ஒரு நாள் கடந்திருந்தது. அங்கு மூண்ட மோதலில் அவருடைய தரப்பில் ஐந்து பேர் மாண்டனர். அதற்குப் பழியாக ஹ்லூபி மக்கள் மீது ஏவப்பட்ட கொடுமை அதைவிடப் பன்மடங்கு பெரியது. அந்த மோதல் நடந்த இடம் இன்று லங்கலிபலேலே கணவாய் என்று அழைக்கப்படுகிறது. ஜயன்ட்ஸ் காசில் முகாமிலிருந்து அதில் ஏறும் நம் இளைஞர்கள் இந்த வரலாற்றையும் தெரிந்துகொண்டு ஏறினால் நன்று.

நம் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் இல்லாமற்போனதற்கு அவர்கள் காரணம் அல்லர். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் வழித்தோன்றல்களில் லேடிஸ்மித்திலும் எஸ்கோர்ட்டிலும் வாழ்ந்தவர்கள், மேற்கே வானத்தை மறைத்து நின்ற அந்தச் சுவரை நாள்தோறும் பார்த்தே வாழ்ந்தார்கள். ஆனால் அதில் ஏறிப் பழகும் வாய்ப்பு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் பூங்காக்களையும் கடற்கரைகளையும் பொது இடங்களையும் நிறத்தின்படி பிரித்து வைக்க இடமளித்தது. 1990-இல்தான் அது நீக்கப்பட்டது. விளிம்பின் மேலே மிக விரைவாகப் போய்ச்சேரும் வழி சென்டினல் சிகரத்தின் அடியிலுள்ள வாகன நிறுத்தத்திலிருந்து தொடங்குகிறது. சங்கிலி ஏணிகள் வழியாக ஏறினால் அன்றே துகேலா அருவியின் தலையில் நிற்கலாம். டர்பனிலிருந்து அங்கே போக வேண்டுமானால் ஃப்ரீ ஸ்டேட்டைக் கடந்துதான் போக வேண்டும். 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியர் குடியிருக்கத் தடை விதித்திருந்த அந்த மாகாணத்தில் 1980களின் நடுப்பகுதி வரை நம்மவர்கள் இரவு தங்கவும் வழியில்லை. மலையறிவு புத்தகத்தால் மட்டும் வருவதன்று. மூத்தவர் பின்னால் இளையவர் நடந்து கற்பது. வெள்ளையர் குடும்பங்களில் மூன்று நான்கு தலைமுறையாகத் தொடர்ந்த அந்தக் கற்பித்தல் நம்மிடம் தொடங்கவே விடப்படவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் இன்று கைப்பேசி நிரப்பிக்கொண்டிருக்கிறது.

முன்பின் தெரியாத ஒருவர் நடந்து பதிவுசெய்த தடத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, திரையில் தெரியும் கோட்டின் மேல் தம் புள்ளி நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தத் தடம் எந்தப் பருவத்தில் பதிவானது, ஆற்றில் எவ்வளவு நீர் ஓடியது, பதிந்தவர் எங்கே கையூன்றி ஏறினார் என்பவை அந்தக் கோட்டில் இல்லை. குளிரில் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். நான் கருவிக்கு எதிரி அல்லேன். நானும் எடுத்துச் செல்கிறேன். ஆனால் 1:50,000 அளவுள்ள வரைபடத்தையும் அதில் 20 மீட்டருக்கு ஒன்றாக வரைந்திருக்கும் சமவுயரக் கோடுகளையும் படிக்கத் தெரியாதவர், மூடுபனி இறங்கிய உச்சி மேட்டில் ஒரு குழுவை நடத்திச் செல்லத் தகுதி பெற்றவர் அல்லர்.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பலர் அறிந்திருக்கவில்லை. டிராகன்ஸ்பெர்க் பகுதியில் திசைகாட்டி ஊசி காட்டும் வடக்கு, உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 25 பாகை மேற்கே விலகியிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது. இங்கே அது உயிரோடு விளையாடும் அளவு பெரியது. விளிம்பை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக நடக்கும் ஒருவர், இந்த விலகலைச் சரிசெய்யாமல் ஊசியின்படியே தெற்கைப் பிடித்து நடந்தால், உண்மையில் அவர் தென்கிழக்குச் சாய்வாகப் போகிறார். ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் போக வேண்டிய இடத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளிப்போய்விடுவார். கிழக்கேதான் சுவர் அறுந்து விழுகிறது. வரைபடத்தின் ஓரத்தில் இந்த விலகல் அச்சிடப்பட்டிருக்கும். அது ஆண்டுதோறும் சிறிது மாறும் விதமும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். சென்னையிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பும் திசைகாட்டியையும் நம்பக் கூடாது. பூமியின் காந்தப் புலம் இங்கே செங்குத்தாகச் சாய்ந்திருப்பதால், அங்குள்ள புலத்துக்குச் சமன்செய்த ஊசியின் ஒரு முனை இங்கே தாழ்ந்து பெட்டியில் உரசி நின்றுவிடும்.

பருவநிலையைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கோடையில் பிற்பகல்தோறும் இடியும் மின்னலும் வரக்கூடும் என்பதால், நண்பகலுக்குள் கணவாயைக் கடந்துவிடும் வகையில் விடியலுக்கு முன்பே புறப்பட வேண்டும். மழையில் பெருகிய ஆற்றைக் கடக்க முயலாமல் கரையில் காத்திருந்தால் அது பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். குளிர்காலத்தில் மேட்டின் மேல் இரவு வெப்பம் உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே போவது வழக்கம், ஓடைகள் உறைந்துவிடும், வெறும் பியூட்டேன் வாயு நிரப்பிய உருளை உறைநிலையை நெருங்கும்போதே ஆவியாக மறுப்பதால் அடுப்பு எரியாது, பனிக்கட்டியை உருக்கிக் குடிநீர் எடுக்கவும் முடியாது. வசந்தம் பிறந்துவிட்டது என்ற நாள்காட்டிக் கணக்கும் இங்கே செல்லாது. 2024 செப்டம்பரில் பெய்த பனியில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்-3 நெடுஞ்சாலையே மூடப்பட்டு, ஜொகன்னஸ்பர்க் போய்க்கொண்டிருந்தவர்கள் வாகனங்களுக்குள் இரவைக் கழித்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெடுஞ்சாலையில் அந்த நிலை என்றால், அதைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் மெல்லிய கூடாரத்துக்குள் இருப்பவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலையில் நுழையும் ஒவ்வொரு வாயிலிலும், மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வேலோவின் அலுவலகத்தில் மீட்புப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் வெறுமனே ‘மஃபாடி’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்ஜிசுத்தி முகாமிலிருந்து மஃபாடிக்கு லெஸ்லீஸ் கணவாய் வழியாகவும் போகலாம், ஜட்ஜ் கணவாய் வழியாகவும் போகலாம். தெற்கே லங்கலிபலேலே கணவாயில் ஏறி மேட்டின் மேலாக வடக்கே நடந்தும் போகலாம். குறித்த நாளில் ஒருவர் திரும்பவில்லை என்றால், தேடுகிறவர்கள் எந்தப் பள்ளத்தாக்கில் நுழைவது? தேடி வருபவர்கள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்க மலையேற்றக் கழகத்தின் தன்னார்வலர்கள். தம் வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர் உதவிக்கு வந்தாலும் மூடுபனியிலும் பலத்த காற்றிலும் அதனால் அருகே வர இயலாது. ஒன்றிரண்டு நாள் காத்திருக்க நேரலாம். எனவே ஏறும் கணவாய், இறங்கும் கணவாய், வானிலை கெட்டால் தப்பி இறங்கும் கணவாய் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதிய பிறகு மேலே போய் மனம் மாறக் கூடாது.

மேட்டின் மேல் நாம் சந்திக்கும் லெசோத்தோ நாட்டின் பசோத்தோ மேய்ப்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடாரத்திலிருந்து பொருள்கள் களவு போவதும், கஞ்சா கடத்துபவர்களும் கால்நடை திருடுபவர்களும் சில கணவாய்களைப் பயன்படுத்துவதும் உண்மையே. அதனால் குழுவாகப் போவதும், இரவில் காலணியையும் அடுப்பையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்வதும், எந்தக் கணவாய் அண்மையில் பாதுகாப்பாக இருக்கிறது என்று கேட்டறிந்து போவதும் அவசியம். ஆயினும் கம்பளி போர்த்திக்கொண்டு கற்குடிலில் வாழும் அந்தப் பையன்களை எல்லாம் திருடர்களாகப் பார்ப்பது பெரும் அநீதி. பல இடங்களில் நாம் பின்பற்றி நடக்கும் தடமே அவர்களுடைய மந்தைகள் இட்ட தடம்தான். எந்த ஓடை கோடை முழுவதும் வற்றாது, எந்த வெட்டில் ஆடு இறங்கும், எதில் இறங்காது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. முதலில் வணக்கம் சொல்ல வேண்டியவர்கள் நாம். நாம்தான் அவர்கள் நாட்டுக்குள் நுழைந்திருக்கிறோம். நாட்டெல்லை பெரும்பாலும் நீர்ப்பிரிவுக் கோட்டின் மீதே செல்வதால் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். அடிவாரத்து மணற்கல் குகைகளில் இம்மண்ணின் பழங்குடியினரான சான் மக்கள் வரைந்த ஓவியங்களுக்காகவும் சேர்த்தே 2000-ஆம் ஆண்டில் இந்த மலை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. ஓவியம் உள்ள குகையில் படுப்பதும், படம் எடுப்பதற்காகச் சுவரில் நீர் தெளிப்பதும் கூடவே கூடாது.

விளிம்பை ஒட்டி வடக்கிலிருந்து தெற்கே சுமார் 220 கிலோமீட்டர் நடக்கும் நெடும்பயணத்தை மலையோட்ட வீரர்களான ரைனோ கிரீசலும் ரயன் சாண்ட்ஸும் 2014-இல் 41 மணி 49 நிமிடத்தில் முடித்ததை நம் இளைஞர்கள் வியந்து பேசுகிறார்கள். வியக்கத்தக்கதுதான். அந்த ஓட்டத்தில் தொட வேண்டிய சிகரங்கள் ஆறு மட்டுமே. தொடக்கத்தில் சங்கிலி ஏணியும் முடிவில் தமாத்து கணவாயும் குறிக்கப்பட்டிருக்கின்றன. இடையில் எந்த வழியாகப் போவது என்பது போகிறவரின் தேர்வு. கிரீசல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்த மேட்டில் நடந்து பழகியவர். வேகத்தை வியக்கிறவர்கள், இரவிலும் வழி தவறாமல் அவர்களை நடத்திய அந்த நெடுநாள் பழக்கத்தையும் சேர்த்து வியக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். குலு பட்டியல் என்று மலைநடையர்கள் சொல்லும் 3,000 மீட்டர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே போவதில் இன்பம் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே கணவாயில் ஏறி, மேலே கூடாரம் அடித்து, பக்கத்திலுள்ள ஏழெட்டு மேடுகளை ஒரே நாளில் எண்ணிக்கொண்டு வருவது இயலக்கூடியது. அவ்வாறு எண்ணிக்கை உயர்ந்தவர் தம்மை அனுபவசாலி என்று நம்பிவிடுவதும், அவரை நம்பிப் புதியவர்கள் பின்னால் போவதும்தான் எனக்குக் கவலையளிக்கிறது.

சபரிமலைக்கு முதன்முறை போகிற கன்னிச்சாமி, பல முறை போய்வந்த குருசாமியின் கையால் இருமுடி கட்டிக்கொண்டு அவர் பின்னால்தான் மலை ஏறுகிறார். தான் தனியே போய்வருவேன் என்று எந்தக் கன்னிச்சாமியும் சொல்வதில்லை. அந்த ஒழுங்கை பெர்க்குக்கும் கொண்டுவருவது நமக்குக் கடினமாக இராது. டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள நம் தமிழ்ச் சங்கங்களும் ஆலயக் குழுக்களும் ஆண்டுக்கு ஒரு முறை பேருந்து வைத்து மலையடிவார விடுதிக்குச் சுற்றுலா அழைத்துப் போகின்றன. அதே செலவில், மாதத்தில் ஒரு ஞாயிறு மண்டபத்தில் வரைபட வகுப்பும், அதைத் தொடர்ந்து தாழ்வான அடிவாரக் குன்றுகளில் பாதையை விட்டு விலகி நடக்கும் பயிற்சியும் நடத்தலாம். முதல் ஆண்டில் எவரையும் விளிம்பின் மேலே கூட்டிப்போக வேண்டாம். இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு கணவாயை, ஏறியும் அதிலேயே இறங்கியும், கோடையில் ஒருமுறையும் குளிரில் ஒருமுறையும் கற்றுக்கொள்ளட்டும். பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதை நான் அறிவேன். அத்தைமாரும் சித்திமாரும் சேர்ந்து நடக்கும் குழுவாக இருந்தால் அந்தத் தயக்கம் பெரிதும் குறையும். வகுப்பு நடத்த நானும், என்னோடு நடக்கும் சில நண்பர்களும் ஊதியம் ஏதுமின்றி வர அணியமாக இருக்கிறோம். வரைபடங்களையும் இங்குள்ள புலத்துக்கு ஏற்ற திசைகாட்டிகளையும் நாங்களே கொண்டுவருவோம்.

தங்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. இனி மலையேற்றச் செய்திகளை வெளியிடும்போது, சிகரத்தின் பெயரோடு ஏறிய கணவாயின் பெயரையும் இறங்கிய கணவாயின் பெயரையும் மாதத்தையும் குழுவை நடத்தியவர் அந்த வழியை முன்பு அறிந்தவரா என்பதையும் கேட்டு எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வானிலை கெட்டதால் சிகரத்தைத் தொடாமல் பாதியில் திரும்பிய குழுக்களின் செய்திக்கும் அதே அளவு இடமும் படமும் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க், குவாசூலு-நடால்